மங்கலான படத்தில் ஒரு பழுப்புப் பறவை: குருகா, மடையானா, வேறு ஏதாவதா?

நீர்ச்சிலந்தி எழுதியது:

வணக்கம். பறவை பார்ப்பதில் நான் புதியவள். ஏரிக்கரையில், தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்கும் ஒரு மரத்தில் இந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. என்னிடம் இருந்தது கைப்பேசி மட்டும்தான். ஜூமைக் கடைசிவரை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். மூச்சு நின்றதே தவிர, கை நிற்கவில்லை. விளைவு, இணைத்திருக்கும் படம்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உடல் முழுக்கப் பழுப்பு. இறக்கை மேல் வெளிறிய கோடுகள். கழுத்து என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. தலை நேராகத் தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. அலகு தடிமன். காகத்தைவிடப் பெரியது என்று உறுதியாகச் சொல்வேன். நான் நின்ற நேரம் முழுவதும் அது இடத்தை விட்டு நகரவில்லை.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் போட்டேன். குருகு என்றது. பறவை மட்டும் தெரியும்படி இன்னும் நெருக்கமாக வெட்டிப் போட்டேன். ஆந்தை என்றது. ஒரே படத்துக்கு இரண்டு பதில் வந்ததும் அதை மூடிவிட்டு இங்கே வந்தேன். இது என்ன பறவை? இவ்வளவு கலங்கலான படத்தை வைத்து முடிவு சொல்ல முடியுமா, இல்லை விட்டுவிடுவதே நல்லதா?

நாணல்காடு எழுதியது:

குருகுதான். பழுப்பு உடல், கோடுகள், அசையாமல் இருப்பது, மூன்றும் பொருந்துகின்றன. பெரிய குருகாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆபத்து என்று தோன்றினால் அலகை வானத்தை நோக்கித் தூக்கி நாணலோடு நாணலாக நின்றுவிடும். காற்றில் நாணல் ஆடினால் தானும் சேர்ந்து ஆடும். அவ்வளவு மறைந்து வாழும் பறவையைப் படமாகவே எடுத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். உடனே பதிவு செய்துவிடுங்கள்.

வயல்வரப்பு எழுதியது:

இதில் குழம்ப என்ன இருக்கிறது? மடையான். தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு, பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. ஒரு கல்லை எடுத்து வீசியிருந்தால் அந்த இடத்திலேயே விடை கிடைத்திருக்கும்.

இருட்டறை எழுதியது:

தம்பி வயல்வரப்பு, முதலில் உங்களுக்கு. மடையானைப் பற்றி நீங்கள் சொன்ன அடையாளம் மிகச் சரி. பறக்கும்போது அதன் இறக்கை வெள்ளை வெளேரென்று விரியும். வேறு எதனோடும் குழப்ப முடியாது. ஆனால் ஓய்வெடுக்கும் ஒரு பறவையை, நமக்குப் பெயர் தெரியவேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து கிளப்புவது என்ன நியாயம்? அதற்கு நாம் இல்லாமலே பெயர் இருக்கிறது. காத்திருங்கள், தானாகப் பறக்கும். பறக்காவிட்டால் பெயர் தெரியாமல் வீட்டுக்குப் போங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

இப்போது படம். பறவை பார்க்கும் பழக்கம் எனக்குப் பிற்பாடு வந்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் அடுத்தவர் எடுத்த படங்களைக் கழுவிப் பிழைத்தவன். ஆடிய படம், ஃபோகஸ் தவறிய படம், வெளிச்சம் புகுந்த படம் என்று கெட்டுப்போன படங்களைப் பார்த்தே காலம் தள்ளியதில் ஒன்று புரிந்தது: எல்லா மங்கலும் ஒரே மங்கல் இல்லை. எந்த வகை மங்கல் என்று தெரிந்துகொண்டால், படத்தில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஃபோகஸ் தவறினால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி வட்டமாகும். கை ஆடினால் அதே புள்ளி ஒரு திசையில் இழுபட்டுக் கீற்றாகும். அப்போது படத்தில் இருக்கும் எல்லாமே ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு இழுபட்டிருக்கும். பறவை மட்டும் அசைந்திருந்தால் கிளை கூர்மையாக இருக்கும், பறவை மட்டும் கலங்கியிருக்கும். இந்த மூன்றும் பழைய நோய்கள். புதிய நோய்கள் வேறு இருக்கின்றன. செய்திச் செயலி வழியாகப் படத்தை அனுப்பினால் வழியிலேயே அது சுருக்கப்பட்டுவிடும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், மென்மையாக இருக்கவேண்டிய இறகில் சதுரத் திட்டுகள் தெரியும். பல கைப்பேசிகள் தாமாகவே விளிம்பைக் கூர்மையாக்குகின்றன. அதனால் கரிய பகுதியைச் சுற்றி இல்லாத ஒரு வெள்ளைக் கோடு முளைக்கும். அதைப் பார்த்து ‘கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெயரைப் பிறகு பார்ப்போம். நீர்ச்சிலந்தி, எனக்குச் சில பொருள்கள் வேண்டும். ஒன்று, வெட்டாத மூலப் படம். நீங்கள் இணைத்திருப்பது வெட்டி, பெரிதாக்கி, எங்கேயோ அனுப்பித் திரும்ப வந்த படம் என்று தோன்றுகிறது. கைப்பேசியில் இருக்கும் கோப்பை அப்படியே ஏற்றுங்கள். அடுத்து, அதே நேரத்தில் எடுத்த மற்ற படங்கள், மோசமானவை என்று நீங்கள் ஒதுக்கியவை உட்பட. ஒரு படத்தில் கண் கிடைக்கும், இன்னொன்றில் கால் கிடைக்கும். அதோடு, எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது. ‘அழகாக இல்லை’ என்று வெட்டி எறிந்த ஓரத்தில்தான் பெரும்பாலும் விடை கிடக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் வானம் வெளுத்திருக்கும்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் பறவையின் நிறத்தைக் கேமரா ஊகித்துத்தான் எழுதுகிறது. கரும்பச்சை பழுப்பாகும், சாம்பல் நீலமாகும், இலைகளுக்கு நடுவே இருந்தால் வெள்ளை வயிறுகூடப் பச்சை பூசிக்கொள்ளும். மங்கலான படத்தில் நிறம் கடைசிச் சாட்சி. முதல் சாட்சி வடிவம்: தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம், அலகின் நீளம் தலையின் நீளத்தில் எவ்வளவு, வால் இறக்கையைத் தாண்டுகிறதா, உடல் நிமிர்ந்திருக்கிறதா கிடையாக இருக்கிறதா. இவை எவ்வளவு கலங்கினாலும் அழியாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். அப்போதும் மிச்சமிருப்பது எதுவோ அதை நம்பலாம்.

நீர்ச்சிலந்தி எழுதியது:

நன்றி ஐயா. மூலக் கோப்பையும் மற்ற படங்களையும் ஏற்றியிருக்கிறேன். நேரம் கோப்பிலேயே பதிவாகியிருக்கிறது: பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். வெயில் எனக்கு எதிரே, சற்று இடப்பக்கமாக இருந்தது.

நீங்கள் சொன்ன பிறகுதான் வெட்டிய ஓரத்தைத் திரும்பப் பார்த்தேன். அதே கிளையில், இரண்டு முழம் தள்ளி, சிறிய நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பறவை என்பதால் ‘தேவையில்லை’ என்று வெட்டிவிட்டேன். மரத்தின் உட்பக்கம் இலைகளுக்கு நடுவே இன்னும் சில உருவங்கள் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவை சாம்பல் நிறம்போலத் தெரிகின்றன. கீழ் இலைகளெல்லாம் எச்சத்தால் வெள்ளையாக இருக்கின்றன. இவை எதற்காவது பயன்படுமா?

இருட்டறை எழுதியது:

பயன்படுமா என்றா கேட்கிறீர்கள்? அந்த நீர்க்காகத்தை வெட்டியது, அளவுகோலைத் தூக்கிக் குளத்தில் போட்டதற்குச் சமம். நல்லவேளை, மூலக் கோப்பை அழிக்கவில்லை.

சிறிய நீர்க்காகம் சுமார் 50 செ.மீ. நீளம். உங்கள் பறவை அதே கிளையில், அதே தொலைவில் இருக்கிறது. எனவே இரண்டையும் நேரடியாக ஒப்பிடலாம். முன்னே பின்னே வேறு வேறு கிளைகளில் இருந்திருந்தால் இப்படி ஒப்பிடத் துணியமாட்டேன். கழுத்தை முழுவதும் உள்ளிழுத்துக்கொண்டு கூனியிருக்கும் நிலையிலேயே உங்கள் பறவை நீர்க்காகத்தின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. உடல் பருமனில் அதைத் தோற்கடிக்கிறது. மடையான் 45 செ.மீ. அளவுதான், மெலிந்த உடல். மஞ்சள் குருகும் செங்குருகும் 40 செ.மீ.க்கு உள்ளேயே அடங்கிவிடும். அளவை வைத்தே இவை மூன்றும் வெளியே போயின. மடையான் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதன் முதுகும் இறக்கையும் புள்ளியோ கோடோ இல்லாத ஒரே பழுப்பு. கோடெல்லாம் கழுத்திலும் மார்பிலும்தான்.

மிச்சம் இருப்பவை நாணல்காடு சொன்ன பெரிய குருகும், நான் முதலிலிருந்தே மனத்தில் வைத்திருந்த வக்காவின் இளம்பறவையும். இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். வளர்ந்த வக்காவை யாரும் தவறவிடமாட்டார்கள்: தலையும் முதுகும் கறுப்பு, இறக்கை சாம்பல், வயிறு வெள்ளை, கண் சிவப்பு, பிடரியிலிருந்து தொங்கும் நீண்ட வெள்ளை இறகுகள். ஆனால் அதன் குஞ்சுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. கரும்பழுப்பு உடல், இறக்கை முழுக்க வெளிர் புள்ளிகள், கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கோடுகள். தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே இனம் என்று நம்பக் கடினம். முழு வளர்ச்சி பெற்ற உடைக்கு மாற மூன்றாம் ஆண்டு வரை ஆகலாம். குருகு என்று தவறாகப் பதிவாகும் பறவைகளில் பெரும்பங்கு இந்த இளம் வக்காக்கள்தான் என்பது என் எண்ணம்.

நீங்கள் ‘வெளிறிய கோடுகள்’ என்று எழுதியிருந்தீர்கள். கோடு என்றால் குருகு, புள்ளி என்றால் வக்கா. இதுதான் வழக்கின் முடிச்சு. படத்தில் இறக்கை மேல் இருப்பவை கோடுகள்தான், மறுப்பதற்கில்லை. அவை அங்கே எப்படி வந்தன என்பதுதான் கேள்வி.

மூலப் படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்குங்கள். தண்ணீரில் வெயில் பட்டு மினுக்குகிறது அல்லவா? ஒவ்வொரு மினுக்கும் உண்மையில் ஒரு புள்ளி. உங்கள் படத்தில் அவை புள்ளியாக இல்லை; மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கமாகச் சாய்ந்த சிறு கீற்றுகளாக இருக்கின்றன. எல்லாக் கீற்றுக்கும் ஒரே சாய்வு, ஒரே நீளம். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் உங்கள் கை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தத் தண்ணீர் எழுதிவைத்திருக்கிறது. இப்போது பறவையின் இறக்கைக்கு வாருங்கள். அங்கே இருக்கும் ‘கோடுகளின்’ சாய்வைப் பாருங்கள். அதே மேல் இடத்திலிருந்து கீழ் வலம். நீளமும் அதே அளவு, ஒரு மயிரிழை கூடுதல். அப்படியென்றால் அவை கோடுகளே இல்லை. கை இழுத்துக் கோடாக்கிய புள்ளிகள். அந்த மயிரிழைக் கூடுதல்தான் புள்ளியின் உண்மையான அகலம்.

கழுத்துக் கோடுகளையும் இதே முறையில் சோதியுங்கள். அவை நேர் கீழாக இறங்குகின்றன. கை நகர்ந்த சாய்வோடு ஒத்துப்போகவில்லை. எனவே அவை பறவையின் சொந்தக் கோடுகள். இறக்கையில் புள்ளி, கழுத்தில் கோடு. இளம் வக்காவின் உடை இதுதான்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, இது எவ்வளவு மோசமான படத்துக்கும் தாங்கும். பெரிய குருகின் உடல் தங்கப் பழுப்பு. அதன் மேல் கறுப்புக் கோடுகளும் திட்டுகளும். அதாவது வெளிர் தளத்தில் கருங்குறி. இளம் வக்கா நேர்மாறு: கருந்தளத்தில் வெளிர்க்குறி. படம் கலங்கும்போது குறியின் வடிவம் போய்விடும், ஆனால் எது தளம், எது குறி என்பது அவ்வளவு எளிதில் தலைகீழாகாது. உங்கள் பறவையில் வெளிர்க்குறிகள் கருந்தளத்தில் இருக்கின்றன. நீங்களே முதல் பதிவில் ‘வெளிறிய’ என்ற சொல்லைப் போட்டுவிட்டீர்கள், யாரும் கவனிக்கவில்லை.

நாணல்காடு எழுதியது:

இருட்டறை ஐயா, கை ஆட்டம் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. இரண்டாவது படத்தில் உச்சந்தலை தெளிவாகக் கறுப்பாக இருக்கிறது. பெரிய குருகுக்கு உச்சந்தலை கறுப்பு. இளம் வக்காவுக்குப் பழுப்புக் கோடுகள்தானே? அடுத்தது, அசையாமல் இருந்தது. அந்த உறைந்த நிலை குருகுக்கே உரியது.

இருட்டறை எழுதியது:

கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

உச்சந்தலையை மட்டும் பார்க்காமல் அதே படத்தில் பறவைக்கு மேலே இருக்கும் கிளையைப் பாருங்கள். அதன் நிழல் சரியாகத் தலை மேல் விழுகிறது; தோளின் ஒரு பகுதியிலும் அதே கருமை தொடர்கிறது. முதல் படத்தில் பறவை தலையைச் சற்று முன்னால் நீட்டியிருக்கிறது. அதில் உச்சந்தலை உடலின் நிறத்துக்கு வந்துவிட்டது. பறவையின் நிறமாக இருந்தால் அது தலையோடு சேர்ந்து நகர்ந்திருக்கவேண்டும். இது மரத்தோடு நின்றுவிட்டது. ஒரே பறவையைப் பல படம் எடுத்துவைத்தால் கிடைக்கும் லாபம் இது.

குருகாக இருந்தால் இருக்கவேண்டிய இன்னொரு கருமை இங்கே இல்லை. பெரிய குருகுக்கு அலகின் அடியிலிருந்து கன்னம் வழியாகக் கீழே இறங்கும் தடித்த மீசைப் பட்டை உண்டு. இந்த அளவு கலங்கலிலும் அது ஒரு கரிய ஆப்பாகத் தெரிந்தாகவேண்டும். எந்தப் படத்திலும் இல்லை. இருக்கும் அடையாளத்தைத் தேடுவது போலவே, இருந்திருக்கவேண்டி இல்லாமல் போன அடையாளத்தையும் தேடவேண்டும். ஆனால் ‘மங்கலில் மறைந்துவிட்டது’ என்று சொல்லமுடியாத அளவுக்குப் பெரிய அடையாளமாக அது இருக்கவேண்டும். கண்ணின் நிறம், காலின் நிறம் இல்லாததையெல்லாம் சாட்சியாகக் கூப்பிடக்கூடாது. முதல் படத்தில் கண் இருக்கும் இடத்தில் ஒரேயொரு ஆரஞ்சுப் பிக்சல் இருக்கிறது. இளம் வக்காவின் கண் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாக மாறும் என்பது உண்மைதான். எனக்குச் சாதகமான பிக்சல்தான். இருந்தாலும் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒற்றைப் பிக்சலை நம்பி ஒரு பெயரை எழுதுவதில்லை.

அசையாமை குறித்து: அசையாமல் இருப்பது வேறு, உறைந்து நிற்பது வேறு. குருகு ஒளியும்போது உடலை ஒடுக்கி, கழுத்தை நீட்டி, அலகை மேலே தூக்கும். இந்தப் பறவை கழுத்தை விழுங்கிக்கொண்டு கூனியிருக்கிறது. இது ஒளிந்த பறவை இல்லை, தூங்கி வழியும் பறவை. வக்கா அந்தியில் கிளம்பி இரவில் இரை தேடும். பகலில் நீரோர மரங்களில் கூட்டமாக அடைந்து கிடக்கும். குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் காலத்தில் மட்டும் பகலிலும் வேலை செய்வதைப் பார்க்கலாம். பெரிய குருகு நாணலை விட்டு வெளியே வந்து, உச்சி வெயிலில், திறந்த மரக்கிளையில், நீர்க்காகத்துக்குப் பக்கத்தில் உட்காருவது அதன் சுபாவமே இல்லை.

உள்ளே இருக்கும் அந்தச் சாம்பல் உருவங்களைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் கடைசியில்தான் தொடுகிறேன். அவை வளர்ந்த வக்காக்கள் என்றே நினைக்கிறேன். மூன்றாவது படத்தில் ஒன்றின் கரிய முதுகும் சாம்பல் இறக்கையும் தனித்தனியாகத் தெரிகின்றன. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் உடனே தலையாட்டியிருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு பறவைக்குப் பெயர் வைக்கக்கூடாது; நீர்க்காகமும்தான் பக்கத்தில் இருக்கிறது. பறவையின் உடலிலேயே போதுமான சாட்சி கிடைத்த பிறகு, அக்கம்பக்கத்தை உறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடல்தாண்டி எழுதியது:

நல்ல விவாதம். பின்னால் தேடி வருபவர்களுக்காக ஒரு குறிப்பு. வக்கா ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள் என்று பெரும்பாலான இடங்களில் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இருப்பவர்கள் மஞ்சள் உச்சி வக்காவின் இளம்பறவையையும் விலக்கியாகவேண்டும். அதற்கு அலகு முழுவதும் கறுப்பு, இன்னும் குட்டை, இன்னும் தடிமன், இறக்கைப் புள்ளிகள் மிகச் சிறியவை, கால் நீளம். சாதாரண இளம் வக்காவுக்குக் கீழலகு மஞ்சள் கலந்திருக்கும். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் மலேயா வக்கா என்று ஒன்று உண்டு. ஆனால் அது அடர்ந்த காட்டின் தரையில் இரை தேடுவது, திறந்த ஏரியில் தேடவேண்டியதில்லை.

தோசிக் கொக்கின் இளம்பறவைக்கும் இறக்கையில் வெளிர் புள்ளிகள் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே? நீர்ப்பரப்பின் மேல் தாழ்ந்த கிளையில் கூனி உட்காருவதும் அதன் பழக்கம்தான்.

இருட்டறை எழுதியது:

சொல்லியிருக்கவேண்டிய பெயர், எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. தோசிக் கொக்கு 35 முதல் 48 செ.மீ. வரை. எவ்வளவு பெரியதாக எடுத்துக்கொண்டாலும், கூனிய நிலையில் நீர்க்காகத்தின் பக்கத்தில் அது சிறுபிள்ளையாகத் தெரியும். வக்கா 58 முதல் 65 செ.மீ. அலகும் வேறு: தோசிக் கொக்குக்கு மெலிந்து நீண்ட ஈட்டி அலகு, வக்காவுக்குக் கட்டையான ஆப்பு. நீர்ச்சிலந்தி முதல் பதிவிலேயே ‘அலகு தடிமன்’ என்று கண்ணால் பார்த்து எழுதியதை நான் படத்தைவிட அதிகமாக மதிக்கிறேன். படம் கலங்கியதே தவிர, அவர் பார்வை கலங்கவில்லை.

நீர்ச்சிலந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இறக்கைக் கோடுகளையும் தண்ணீர்க் கீற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; சாய்வு அச்சாகப் பொருந்துகிறது. இனி வக்கா என்றே பதிவு செய்யலாமா? இன்னொரு சந்தேகம், செயலி ஏன் ஆந்தை என்றது?

இருட்டறை எழுதியது:

செயலி பறவையைப் பார்ப்பதில்லை, நீங்கள் கொடுத்த படத்தைத்தான் பார்க்கிறது. கிளையையும் தண்ணீரையும் வெட்டி எறிந்துவிட்டு, கழுத்தில்லாத, பழுப்பான, புள்ளியிட்ட ஒரு உருண்டையைக் கொடுத்தால் ஆந்தை என்று சொல்வதில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நெருக்கமாக வெட்டுவது நல்லதுதான், படம் கூர்மையாக இருந்தால். கலங்கிய படத்தில் சுற்றுப்புறமும் ஒரு அடையாளம். அலகு எங்கே முடிகிறது என்பதே இலையோடு கலந்து தெரியாதபோது செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தரும் பெயர்களை விசாரிக்கவேண்டியவர்களின் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவைப் பொறுத்தவரை, இந்தப் பறவையை வக்கா, இளம்பறவை என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை. வயதைப் பற்றி மட்டும் அதற்குமேல் போகமாட்டேன். இரண்டாம் ஆண்டில் புள்ளிகள் குறைந்து உச்சந்தலையும் முதுகும் கருக்கத் தொடங்கும். உங்கள் பறவையில் புள்ளிகள் நிறைய இருப்பதால் முதல் ஆண்டுக் குஞ்சாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நிழல் விழுந்த உச்சந்தலையை வைத்துக்கொண்டு அதை எழுத்தில் போடமாட்டேன்.

நீர்க்காகம் மட்டும் படத்தில் இல்லாமல் போயிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். வக்காவோ தோசிக் கொக்கோ, இரண்டில் ஒன்று என்று நிறுத்தியிருப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும், 2002-இல் தொடங்கிய இபேர்டு தளத்தில்கூட, இனம் வரை போகாமல் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளவும், இரண்டில் ஒன்று என்று பதியவும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். அரிய பறவை என்று பதிந்தால் அங்கே சரிபார்க்கும் தன்னார்வலர்கள் ஆதாரம் கேட்பார்கள். பெரிய குருகு என்று போட்டிருந்தால் இந்த வழக்கை நீங்கள் அங்கே தனியாக நின்று வாதாடியிருக்கவேண்டும்.

பதியும்போது ஒன்று கவனியுங்கள். அது கூட்டமாக அடையும் மரம், கூடுகளும் இருக்கலாம். கைப்பேசிப் படக் கோப்புக்குள் இடத்தின் குறிப்பு பதிந்திருக்க வாய்ப்புண்டு. இங்கே ஏற்றியிருக்கும் மூலக் கோப்புகளை நீக்கிவிட்டு, இடக்குறிப்பு இல்லாத நகலைப் போடுங்கள். எல்லோரும் கல்லைக் கையில் எடுக்காமல் வருவார்கள் என்று சொல்லமுடியாது.

வயல்வரப்பு எழுதியது:

அது எனக்குத்தான் என்று புரிகிறது ஐயா. போகட்டும். மடையான் இல்லை என்பதற்கு நீங்கள் சொன்ன முதுகு அடையாளம் எனக்குப் புதிது. இனி உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துக்கொள்வேன். அடுத்த முறை கைப்பேசியில் எப்படி எடுத்தால் இந்த ஆட்டம் வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இருட்டறை எழுதியது:

கைப்பேசியின் லென்ஸ் உண்மையில் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பார்த்துவைத்துக்கொண்டு அதோடு நில்லுங்கள். அதற்குமேல் இழுப்பது வெறும் பெரிதாக்கல். அதை வீட்டுக்கு வந்தும் செய்யலாம், கூடுதலாக ஒரு இறகுகூடத் தெரியப்போவதில்லை. கைப்பேசியை மரத்தண்டிலோ மதிலிலோ அழுத்திவைத்து எடுங்கள். தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். வரிசையில் ஏதாவது ஒன்றில் கை தானாக நின்றிருக்கும். பறவை உட்கார்ந்தே இருந்தால் கொஞ்ச நேரம் காணொளியாகவும் எடுத்துவையுங்கள். அது தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் அலகின் வடிவம் கிடைத்துவிடும்.

நீர்ச்சிலந்தி, உங்களுக்கு முடிந்தால் அந்தி சாயும் நேரத்தில் அதே கரையில், மரத்துக்குச் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். படம் எடுக்க வெளிச்சம் போதாது. குரலைப் பதிவு செய்யும் வசதியை மட்டும் திறந்துவையுங்கள். கூட்டம் கிளம்பும்போது ‘குவாக்’ என்று ஒற்றை ஒற்றையாகக் கத்திக்கொண்டு போகும். அந்த ஒலிப்பதிவு கிடைத்தால் அதையும் பதிவோடு சேர்த்துவிடுங்கள்; நாணல்காடுக்கு இன்னும் மிச்சமிருக்கும் சந்தேகம் அதில் தீரும்.

நாணல்காடு எழுதியது:

தீரும்வரை இருக்கட்டும் ஐயா. மீசைப் பட்டை இல்லை என்பதோடு எனக்கு முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசிக்கு ஒலிப்பதிவுக்காகக் காத்திருக்கிறேன்.